ரெண்டாவது பாட்டு

ஜனவரி 21, புதன்

இன்றும் மண்புழு மாமா தன் நேரத்தைத் தாண்டிப் பேசினார். எனக்கு முந்தைய நிகழ்ச்சி அவருடையது, தோட்டக்கலை. பெயர் வேறு, ஆனால் வாரம் தவறாமல் மண்புழுவைப் புகழ்வதால் நிலையத்தில் எல்லோருக்கும் அவர் மண்புழு மாமாதான். கண்ணாடிக்கு வெளியே நின்று நான் கடிகாரத்தைக் காட்டுகிறேன். அவர் உள்ளேயிருந்து எனக்குக் கையாட்டுகிறார். ரயிலேற்றிவிட வந்தவள் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ.

பதினொரு மணிக்குப் பழைய பாட்டு. நடத்துவது நான். சம்பளம் ஒரு டீ, அதுவும் ஆறிப்போனது. மின்சார அலுவலகத்தில் புகார் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு ஆயுளைக் கழித்தவள் நான். ஊரில் எவன் வீட்டில் விளக்கு அணைந்தாலும் அவன் என் காதில் வந்துதான் எரிவான். ஓய்வு பெற்ற கையோடு இந்தச் சமூக வானொலிக்குத் தொண்டர்கள் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்தேன். நான் பேசுவேன், மற்றவர்கள் கேட்பார்கள், யாரும் குறுக்கே கத்த முடியாது. இப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்றால் விடுவேனா?

நிலையம் என்பது ஒரு சலவைக்கடையின் மாடியில் இரண்டு அறை. எதிரொலி வராமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கிறார்கள். பொறுப்பாளர் அம்மாள் முன்னாள் விமானப் பணிப்பெண். எதைக் கேட்டாலும் அழகாகச் சிரித்துக்கொண்டே மறுப்பார். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஏர்ஹோஸ்டஸ்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன், எப்படி இருந்தது என்று. "நல்லா இருந்துச்சு. ரெண்டாவது பாட்டு பிரமாதம்."

போன வாரமும் ரெண்டாவது பாட்டுதான் பிரமாதம். அதற்கு முந்தின வாரமும். மற்ற பாட்டெல்லாம் இவருக்கு என்ன பாவம் செய்தது? கல்யாணமான நாளிலிருந்து இவர் வாயிலிருந்து நான் கேட்ட விமரிசனம் இது ஒன்றுதான். உப்பு மறந்த சமையல் — நல்லா இருக்கு. கண்ணாடியைப் பார்க்கவே எனக்குப் பயமாயிருந்த அந்த முடிவெட்டு — நல்லா இருக்கு. புதுச் சுவருக்கு நான் தேர்ந்தெடுத்த வண்ணம், அதை மறுவாரமே நானே மாற்றி அடிக்கச் சொன்னேன் — அதுவும் நல்லாத்தான் இருந்தது, அடிப்பதற்கு முன்னும் பின்னும்.

ஜனவரி 22, வியாழன்

கூரியர்காரர் மணி அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் பார்சலைக் கீழ்வீட்டு டீச்சரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இவர் ஹாலில்தான் இருந்தார், மணிக்கு நேர் கீழே. "அடிக்கவே இல்லையே" என்கிறார். சோம்பேறித்தனத்துக்கு ஒரு பட்டம் கொடுத்தால் இவர் வீட்டை விட்டு இறங்காமலே வாங்கிவிடுவார்.

ஜனவரி 28, புதன்

நல்லா இருந்துச்சாம். ரெண்டாவது பாட்டு பிரமாதமாம்.

நான் பேசும்போது என் முகத்தையே பார்க்கிறார். பல்லில் ஏதாவது ஒட்டியிருக்கா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். இந்த வயதில் என்ன புதுசாக இந்தப் பார்வை? காதல் என்றால் கொஞ்சம் தாமதம்.

பிப்ரவரி 4, புதன்

கோபத்தில் பேனா கிழிக்கிறது.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தால் ஏர்ஹோஸ்டஸ் சிரித்துக்கொண்டே நிற்கிறார். அப்போதே புரிந்திருக்க வேண்டும். மொட்டை மாடியில் இருக்கும் டிரான்ஸ்மிட்டர் காலையிலிருந்தே செத்துக் கிடக்கிறதாம். யாரும் கவனிக்கவில்லை. அதாவது இன்று நான் ஒரு மணி நேரம் முட்டை அட்டைகளுக்கு நிகழ்ச்சி நடத்தியிருக்கிறேன். மண்புழு மாமாவும் அப்படியே, ஆனால் அவருக்கு அது பழக்கம்தான். மின்சாரக் கோளாறாக இருக்குமோ என்று என் பழைய புகார் எண்ணுக்கே போன் செய்தேன். வரிசையில் காத்திருங்கள் என்றது. என் மேஜை, என் தொலைபேசி, நான் வரிசையில்.

சரி, போகட்டும். வீட்டுக்கு வந்தேன். பழக்கதோஷத்தில் கேட்டுத் தொலைத்தேன், எப்படி இருந்தது?

"நல்லா இருந்துச்சு. ரெண்டாவது பாட்டு பிரமாதம்."

செருப்பைக்கூடக் கழற்றவில்லை நான். அப்படியே நின்றேன். ஒலிபரப்பே ஆகலையே மனுஷா! எந்தப் பாட்டு? எந்த ரெண்டாவது? அப்போ இத்தனை வாரமும்... ஒரு நாளாவது கேட்டிருக்காரா? ஒரே ஒரு நாள்? இல்ல ஆரம்பத்துலேர்ந்தே டூப்பா? சமையல், முடி, சுவர் — எல்லாமே இப்படித்தானா? பார்க்காமலே, கேட்காமலே, ஒரு முத்திரையைக் குத்தி அனுப்புறாரா?

குளியலறைக்குப் போய் அழுதேன். எழுதி வைக்கிறேன், இருக்கட்டும்.

பிப்ரவரி 5, வியாழன்

சண்டை போடுவதாக இல்லை. போட்டால் "நல்லா சண்டை போட்ட" என்பார். வேறு வழி யோசித்திருக்கிறேன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

பிப்ரவரி 11, புதன்

டிரான்ஸ்மிட்டர் பிழைத்துவிட்டது. முதல் பாட்டு முடிந்ததும் ஆரம்பித்தேன். "நேயர்களே, எங்க வீட்டுக்காரர் குறட்டை விடுவார். சாதாரணக் குறட்டை இல்லை. நடுவுல நிறுத்தி யோசிச்சு, திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிப்பார்." அவர் கேட்டுக்கொண்டிருந்தால் வீட்டில் பூகம்பம் வரும். வரட்டும். அதற்குத்தானே.

கடைசிப் பத்து நிமிடம் நேயர்களோடு பேசும் நேரம். தொலைபேசி சத்தம் போடாது, ஒரு சின்ன விளக்கு மினுக்கும். வழக்கமாக ஒருமுறை மினுக்கும், அதுவும் தவறான எண். இன்று விட்டு விட்டு எரிந்துகொண்டே இருந்தது. எல்லாம் பெண்கள். எல்லார் வீட்டிலும் குறட்டை.

வீட்டில்: நல்லா இருந்துச்சு. ரெண்டாவது பாட்டு பிரமாதம்.

பிப்ரவரி 18, புதன்

பிடியை இறுக்கிவிட்டேன். "எங்க வீட்ல ஒரு பொம்மை இருக்கு. நாற்காலில உட்காரும், தலையாட்டும், நல்லா இருக்குன்னு சொல்லும். அவர்கிட்ட பேசறதும் சுவர்கிட்ட பேசறதும் ஒண்ணுதான். சுவராவது எதிரொலிக்கும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏர்ஹோஸ்டஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இது மறுக்கும் சிரிப்பில்லை, நிஜச் சிரிப்பு.

வீட்டில்? எழுத வேண்டியதே இல்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

இவருடன் மூலைக்கடைக்குப் போனேன். கடைக்காரர் எட்டிப் பார்த்து, "வாங்க தலையாட்டி சார்!" என்றார். கடையில் நின்றவர்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இவர் சிரித்த முகமாகத் தலையாட்டி, "நல்லா இருக்கேன் தம்பி" என்றார்.

ரோஷம் என்ற ஒன்று இந்த மனிதருக்குக் கிடையாதா? அல்லது இதையும் கேட்கவில்லையா, பக்கத்தில் நின்றுகொண்டே? எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பிப்ரவரி 25, புதன்

எனக்கு அரை மணி நேரம் கூட்டிக் கொடுத்துவிட்டார்கள், மண்புழு மாமாவிடமிருந்து பிடுங்கி. பாட்டைக் குறைத்துக்கொண்டு வீட்டுக்காரரைக் கூட்டலாமே என்று ஏர்ஹோஸ்டஸ் யோசனை சொல்கிறார். இசை நிகழ்ச்சி நடத்துபவளிடம்! ஆனால் உள்ளுக்குள் பிடித்திருக்கிறது, மறைப்பானேன். தெருவில் என்னை நிறுத்திப் பேசுகிறார்கள். வாழ்நாள் முழுக்கத் திட்டு வாங்கிய காது, கைதட்டலை வேண்டாம் என்று சொல்லுமா?

மார்ச் 3, செவ்வாய்

நாளைக் காலை பல் டாக்டர். நிகழ்ச்சியை இன்றே பதிவு செய்து வைத்துவிட்டேன். இந்த வாரம் இவர் டீ உறிஞ்சும் சத்தத்தைப் பற்றி.

மார்ச் 4, புதன்

பல்லைப் பிடுங்கிய பிறகு வாயில் பாதி மரத்துப்போய், பதினொன்றரைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். படியில் கீழ்வீட்டு டீச்சர் மறித்தார். "உங்க வீட்டு ரேடியோ இரைச்சலைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன். ஒவ்வொரு புதன்கிழமையும் இதே கூத்து. உங்க நிகழ்ச்சியை என் ரேடியோவுல கேட்கவே முடியல."

இரைச்சலா? மேலே ஏறும்போதே காதில் விழுந்தது. வெறும் இரைச்சல். உஸ்ஸென்று, ஒரு சொல் இல்லாமல், ஒரு பாட்டு இல்லாமல். ரேடியோ முள் எந்த நிலையத்திலும் இல்லாமல் நடுவில் கிடந்தால் வருமே, அது. முள் ஏன் நகர்ந்தது என்று எனக்குத் தெரியும். ரேடியோவைத் துடைப்பது நான்தான்.

கதவைத் திறந்தேன். அவர் திரும்பவில்லை. சாப்பாட்டு மேஜையில் ரேடியோ. அதன் முன்னால் நாற்காலி போட்டு, சட்டையெல்லாம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலது உள்ளங்கை ஒலிபெருக்கித் துணியின் மேல். கண் மூடியிருந்தது. அந்த இரைச்சலுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பின்னால் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. கத்தினேன். திரும்பவில்லை. முன்னால் போய் நின்றேன். திடுக்கிட்டு எழுந்தார். மரத்துப்போன உதட்டால் ஏதோ கேட்டேன். அவர் என் வாயை உற்றுப் பார்த்தார், புரியாமல், பயந்துபோய். பிறகு சொன்னார்:

"நல்லா இருந்துச்சு. ரெண்டாவது பாட்டு—"

மார்ச் 5, வியாழன்

எழுத வரவில்லை.

மார்ச் 6, வெள்ளி

உதடு சரியானதும் எதிரில் உட்கார்ந்து கேட்டேன். எப்போதிலிருந்து?

"மிஷின் ரூம்லேர்ந்தே கொஞ்சம் கொஞ்சமா." அச்சகத்தில் இயந்திர அறையில் வேலை பார்த்தவர். "போன வருஷம் சுத்தமாப் போயிடுச்சு. உன் வாயைப் பார்த்துப் புரிஞ்சுக்குவேன். நீ தெளிவாத்தான் பேசுவ."

ஏன் சொல்லலை? ஏன்யா சொல்லலை?

"நீ பொழுது விடிஞ்சதுலேர்ந்து அடையுற வரைக்கும் ஊர்க் குறையெல்லாம் கேட்டுட்டு வருவ. வீட்ல ஒரு ஆளாவது குறை சொல்லாம இருக்கட்டுமேன்னு நினைச்சேன். அப்படியே பழகிடுச்சு."

அப்போ உப்பு இல்லாத சாப்பாடு?

"உப்பு இல்லாமத்தான் இருந்துச்சு."

முடி?

"அது ரொம்பக் கொடுமை."

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. புதன்கிழமை கையை வைத்து என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "கைல அதிரும். நீ பேசுறப்போ ஒரு மாதிரி, பாட்டு வந்தா வேற மாதிரி. முந்தாநாள் நல்லாப் பேசின, தெரிஞ்சுது." அது வெறும் இரைச்சல் என்று நான் சொல்லவில்லை. சாகும்வரை சொல்லமாட்டேன்.

காது என் தொழில். ஊரான் வீட்டு ஃபியூஸ் போனதைக் குரலை வைத்தே கண்டுபிடிப்பேன். என் வீட்டில் போனது மட்டும் தெரியவில்லை. எனக்கு ஒரு விருது கொடுக்கலாம்.

அந்தச் சுவர்... அதை எப்படிச் சொன்னேன்? வாய் எப்படி வந்தது எனக்கு? அவர் காதில் மட்டும் அது விழவே கூடாது.

மார்ச் 11, புதன்

இன்று பாட்டு மட்டும் போட்டேன். விளக்கு மினுக்கியது. "தலையாட்டி எங்கம்மா? உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறார்கள்.

ஏர்ஹோஸ்டஸ் சிரித்துக்கொண்டே வந்தார். நிலையத்தின் ஆண்டு விழா 25ஆம் தேதியாம். அன்று அதிகம் ரசிக்கப்பட்ட நிகழ்ச்சிகளை மறுஒலிபரப்பு செய்கிறார்களாம். என்னுடையதில் எது? வேறு எது, பிப்ரவரி 18. சுவர். வேண்டாம் என்று கெஞ்சினேன். "அறிவிச்சாச்சே, அதுதான் உங்க உச்சம்!" என்று சிரித்தார். அவசரக் கதவு எந்தப் பக்கம் என்று கேட்கத் தோன்றியது.

மார்ச் 16, திங்கள்

காது டாக்டரிடம் போனோம். காதுக்கருவி பொருத்தலாம், நன்றாகவே கேட்கும் என்றார் அந்தம்மா. 23ஆம் தேதி தயாராகுமாம். "இல்ல, உங்களுக்கு வசதின்னா அதுக்கடுத்த வாரம் வாங்க."

வசதிதான். எனக்கு அதைவிட வசதி வேறில்லை. அடுத்த வாரம் என்றால் 25 கடந்துபோகும், சுவர் கடந்துபோகும், ஒன்றும் தெரியாமல் போகும். வாய் வரை வந்தது. அவர் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், என்ன சொல்லப்போகிறேன் என்று.

23ஆம் தேதியே வருகிறோம் என்றேன்.

மார்ச் 23, திங்கள்

மாட்டியாயிற்று. வெளியே வந்ததும் தன் செருப்புச் சத்தத்துக்கே திரும்பிப் பார்த்தார். வீட்டில் மின்விசிறியைக் காட்டி, "இது எப்பவும் இப்படித்தான் கத்துமா? நீ எப்படித் தூங்குற?" என்றார். குறட்டையோடு தூங்குகிறவளுக்கு மின்விசிறி ஒரு பொருட்டா என்று சொல்ல வந்து, வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு என்னைப் பேசச் சொன்னார். என்ன பேச? ஒலிவாங்கிக்கு முன்னால் வாய் ஓயாதவள் நான். அவர் முன்னால் ஒன்றும் வரவில்லை. "உன் குரல் கொஞ்சம் கரகரன்னு ஆயிடுச்சு" என்றார். "நல்லா இருக்கு."

மார்ச் 24, செவ்வாய்

காலையில் சொல்லலாம் என்று நினைத்தேன். மதியம் சொல்லலாம் என்று நினைத்தேன். மாலையில் அவர், "நாளைக்கு முழுசாக் கேட்கப் போறேன்" என்று சொல்லி, ரேடியோவுக்குப் புது பேட்டரி போட்டார்.

மார்ச் 25, புதன்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் கிளம்பும்போது அவர் குளித்துக்கொண்டிருந்தார். ரேடியோ முள்ளைப் பிடித்து ஒரு திருகு. வேண்டுமென்றேதான். இரைச்சல் வரட்டும், பழுது என்று நினைக்கட்டும். ஒரு மணி நேரம்தானே.

நிலையத்தில் மண்புழு மாமா இன்று சரியான நேரத்தில் முடித்துத் தொலைத்தார், வாழ்க்கையில் முதல் தடவையாக. என் பழைய குரலை ஓடவிட்டார்கள். பாட்டு, பொம்மை, தலையாட்டல், எல்லாம் வந்தது. சுவர் வந்தது. முட்டை அட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு ரசித்தா பேசினேன் நான்?

அது முடிந்து நேரலை. நேயர்களோடு பத்து நிமிடம். விளக்கு மினுக்கியது. "வணக்கம், யார் பேசுறீங்க?"

"ஒரு புகார் குடுக்கணும்."

அந்தக் குரல். இத்தனை வருஷத்தில் தொலைபேசியில் நான் அதிகம் கேட்டறியாத அந்தக் குரல். என் கை தன்னால் பேனாவைத் தேடியது.

"சொல்லுங்க... என்ன புகார்?"

"எங்க வீட்டு ரேடியோ முள்ளை யாரோ திருப்பி வச்சிருக்காங்க. ஒரே இரைச்சல். நானே தேடிப் பிடிச்சு வைக்க வேண்டியதாப் போச்சு. முதல் பாட்டு போயிடுச்சு."

கண்ணாடிக்குப் பின்னால் ஏர்ஹோஸ்டஸ் சிரிக்க ஆரம்பித்தார். அவருக்கு இன்னும் புரியவில்லை.

"அப்புறம் ஒரு விஷயம். உங்க வீட்டுக்காரரைப் பத்தி, சுவராவது எதிரொலிக்கும்னு சொன்னீங்க."

வானொலியில் மௌனம் கூடாது. முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் அது. ஏர்ஹோஸ்டஸ் கையைச் சுழற்றுகிறார், பேசு பேசு என்று. எனக்கு வாய் மரத்துப்போயிருந்தது, இந்த முறை ஊசி இல்லாமலே.

"சரியாத்தான் சொன்னீங்க," என்றார். "இனிமே எதிரொலிக்கும். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"புகாரைப் பதிவு பண்ணிக்கிட்டேன் சார்." எப்படியோ சொல்லிவிட்டேன்.

"நம்பர் ஏதாவது குடுப்பீங்களா?"

அதற்குள் அழுதுவிட்டேன். பாட்டைப் போட்டுவிட்டார்கள்.

மார்ச் 26, வியாழன்

கருவியைக் கழற்றி டப்பாவில் வைத்திருக்கிறார். நேற்று நான் வீட்டுக்கு வந்ததிலிருந்தே. மன்னிப்புக் கேட்டேன். என் வாயைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். அது அவர் உரிமை.

மார்ச் 28, சனி

இன்று கருவியோடு கடைக்குப் போனார். திரும்பி வந்து பையை வைத்துவிட்டு, "அந்தக் கடைக்காரப் பையன் என்னை எத்தனை நாளா அப்படிக் கூப்பிடுறான்?" என்றார்.

ஒரு மாதத்துக்கு மேல் என்றேன்.

"நான் ஒவ்வொரு தடவையும் நல்லா இருக்கேன்னு பதில் சொல்லியிருக்கேன்."

"ஆமா."

"வலிச்சுது," என்றார். எனக்குத் தெரிந்து இந்த வீட்டில் அந்தச் சொல்லை அவர் சொல்வது இதுதான் முதல் தடவை. பக்கத்தில் உட்கார்ந்தேன். இன்னும் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். நிறைய இருந்தது. முடிவெட்டில் ஆரம்பித்துச் சுவர் வண்ணம் வரை. எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டேன். அது எனக்குத் தெரிந்த வேலைதானே.

ஏப்ரல் 8, புதன்

கூட்டிக் கொடுத்த அரை மணி நேரத்தை மண்புழு மாமாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் அதையும் தாண்டிப் பேசினார். விளக்கு ஒரே ஒரு முறை மினுக்கியது. தவறான எண்.

வீட்டுக்கு வந்தேன். மேஜையில் ரேடியோ, காதில் கருவி. செருப்பைக் கழற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்து, எப்படி இருந்தது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"நீ ரொம்பப் பேசுற. முதல் பாட்டு பரவாயில்ல."

"ரெண்டாவது?"

"சகிக்கல."

புகார் எண் 1: ரெண்டாவது பாட்டு சகிக்கவில்லை. பதிவு செய்துகொண்டேன்.